மதினியின் நிரை

பதினோரு வருடம் ஜீப்பில் ஏறியவள் நான். கம்பம் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் தெருமுனையில் ஹார்ன் அடிக்கும். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவோம். கம்பம்மெட்டு வளைவுகளில் ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து தூங்கி, கேரளாவுக்குள் ஏலத்தோட்டத்தில் இறங்கிக் களையெடுத்து, காய் பறித்து, பொழுது சாயும்போது திரும்புவோம். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் பிடித்துப்போய் ஏறியவளும் இல்லை. தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டு வருடம் படித்து, மூன்றாம் வருடம் பணம் கட்டாமல் விட்டவளுக்கு, வேறு ஏதாவது செய்யலாமே என்ற அரிப்பு இருந்துகொண்டே இருக்கும்.

அந்த அரிப்பில்தான் போனில் வேலை தேட ஆரம்பித்தேன். முதலில் ஏமாந்தேன். வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை என்றார்கள். முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். மறுநாள் அந்த நம்பரே இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னை "ஆபீசரம்மா" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார். எட்டாம் நாள் அந்தக் கேலியை நிறுத்த வைத்தேன். எப்படி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

அப்புறம் உண்மையான ஒன்று கிடைத்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் கொடுக்கும் சின்னச் சின்ன வேலைகளைப் பிரித்துத் தரும் ஒரு தளம். அதில் படங்களில் அடையாளம் போடும் வேலை இருந்தது. செடியின் படம் வரும். எந்த இடத்தில் நோய் இருக்கிறதோ அந்த இடத்தைச் சுற்றி விரலால் ஒரு கட்டம் போட வேண்டும். கீழே உள்ள பட்டியலில் அது அழுகலா, பூச்சியா, வெயில் கருக்கியதா என்று தொட வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டித்தான் கம்ப்யூட்டருக்கு நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். ஒருநாள் பட்டியலில் ஏலச்செடி வந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மலை ஏறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த அதே செடி, என் வீட்டுக்குள் வந்து, "எனக்கு என்ன நோய் சொல்லு" என்று நின்றது.

தேர்வு வைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நான் அதை வாங்கியதில்லை. முதலில் தோட்டத்துக்குப் போகாத நாட்களில் மட்டும் செய்தேன். நான்கு மாதத்தில் வருமானம் தோட்டக் கூலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை ஹார்ன் அடித்தபோது வாசலில் நின்று, "நான் வரல, நீங்க போங்க" என்று கையாட்டினேன். வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஜீப்பில் அன்றைக்கு என் மதினி இருந்தாள். மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. அடுத்த வீடு. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. தோட்டத்தில் பதினோரு வருடமும் அவள் ஒரு நிரை, நான் பக்கத்து நிரை. நிரை என்பது செடி வரிசை. காலையில் ஆளுக்கொரு வரிசை பிடித்துக் களையெடுத்துக்கொண்டே மேலே போவோம். முதலில் முடிப்பவள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போடக் கூடாது. பின்தங்கியவளின் நிரைக்கு எதிர்முனையில் இறங்கி, அவளுக்கு எதிராக எடுத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேரும் நடுவில் சந்திப்பார்கள். இதற்கு எதிர்நிரை பிடிப்பது என்று எங்கள் செட்டில் பெயர். கங்காணி சொல்லி வந்த பழக்கம் இல்லை. எதிர்நிரை பிடிக்காதவளோடு யாரும் குழம்பு மாற்றிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் அவள் பேருக்கு அக்காளோ தங்கச்சியோ போய் நிற்கலாம். பேர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொன்னால் போதும். எண்ணிக்கை சரியாக இருந்தால் சூப்பர்வைசர் சேட்டன் முகத்தைப் பார்ப்பதில்லை. மதினிக்குப் பேறுகாலம் வந்தபோது அவள் பேருக்கு நான் நின்றிருக்கிறேன். எனக்கு அம்மை போட்டபோது அவள் நின்றிருக்கிறாள்.

நான் ஜீப்பை விட்ட மூன்றாம் மாதம், மழையில் ஊறிய சரிவில் காய்ச்சாக்கோடு மதினி வழுக்கி விழுந்தாள். இடுப்பில் தட்டு விலகிவிட்டது. தேனியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஜீப்பில் மலையேறுவதை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணன் தேங்காய் லோடு ஏற்றும் வேலை. ஒரு ஆள் சம்பாத்தியத்தில் வீடு ஓடிவிடும், இழுத்துப் பிடித்தால். ஆனால் மதினிக்குப் பணம் மட்டும் பிரச்சினை இல்லை. தினமும் காலையில் ஹார்ன் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிடப்பாள். ஒருநாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது சொன்னாள்.

"ஏ பிள்ள, ஒங்க அண்ணன் ஒண்ணும் சொல்லல. நல்ல மனுசன். ஆனா சோத்துல கை வைக்கும்போது எனக்கே தொண்டையில நிக்குது."

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. எதையும் வாய் திறந்து கேட்காதவள் அவள். அந்தப் பேச்சு வருவதற்கு எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஒன் போனை எடு" என்றேன்.

"என்னத்துக்கு?"

"நோய்க்குப் பேர் சொல்லத் தெரியுமா ஒனக்கு?"

"எந்த நோய்க்கு?"

"செடிக்கு."

"அதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள்.

மதினி பத்தாவது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஆனால் இலைப்பேன் அரித்த காயையும் அழுகல் பிடித்த காயையும் நான் கண்ணாடி போட்டுப் பார்த்து முடிவு செய்வதற்குள், அவள் இரண்டு படம் முடித்திருப்பாள். தேர்வில் தொண்ணூற்றொன்பது. நான் வாங்காததை அவள் வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, மறைக்க மாட்டேன். பான் கார்டு, பேங்க் புத்தகம், முகத்தைக் காட்டிப் பதிவு செய்வது எல்லாவற்றையும் கூட இருந்து முடித்துக்கொடுத்தேன். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து அரைமணி உட்காருவாள், அரைமணி படுப்பாள். முதல் வாரப் பணம் அவள் கணக்குக்கு வந்த அன்று, அண்ணனுக்குக் கறி எடுத்து வரச் சொல்லி அவளே ஆள் அனுப்பினாள். எனக்கு ஒரு கிண்ணம் வந்தது. ஈரல் துண்டெல்லாம் அதில்தான் இருந்தது.

ஒரு மாதம் இப்படிப் போனது. அப்போது ஒரு பெரிய தொகுப்பு வந்தது. ஆளுக்கு அறுநூறு படம். சனிக்கிழமைக்குள் முடிக்காதவர்களை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். நான் வியாழக்கிழமை மதியம் முடித்துவிட்டேன். மதினிக்குச் செவ்வாயிலிருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. பாதிகூட முடிந்திருக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்க வேண்டியதே இல்லை. "ஒன் பாஸ்வேர்டைச் சொல்லு" என்றேன். சொன்னாள். நாத்தனார் கேட்டால் எந்த மதினி இல்லை என்பாள்? என் போனில் என் கணக்கை மூடிவிட்டு அவள் கணக்கைத் திறந்தேன். கடைசிப் படத்திலிருந்து ஆரம்பித்து முன்னால் வர முடியுமா என்றுகூடப் பார்த்தேன். அந்தத் தளத்தில் அதற்கு வழியில்லை. சரி என்று அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

நடுவில் ஒரு தடவை திரை நின்று, முகத்தைக் காட்டு என்று கேமரா திறந்தது. நான் தலையை ஒதுக்கிக்கொண்டு, முகத்தை நேராக வைத்துக் காட்டினேன். பொருந்தவில்லை என்றது. வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று வாசலுக்கு வந்து, நல்ல வெயிலில் நின்று மறுபடியும் காட்டினேன். இந்தத் தடவை சிரித்தும் வைத்தேன். மறுபடியும் பொருந்தவில்லை. போனைப் போட்டுத் திட்டினேன். ஆள் இருக்கிறாளா என்று எண்ணிக்கை பார்க்கிறார்கள், ஒரு ஆள்தான் இருக்கிறேனே, இன்னும் என்ன என்றுதான் நினைத்தேன். சேட்டனுக்குப் போதுமான ஒரு தலை இவர்களுக்கு ஏன் போதாது என்று எனக்குப் புரியவே இல்லை. மூன்றாவது தடவை அது கேட்காமல் விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதினியின் நிரை முடிந்தது.

சனிக்கிழமை காலையில் என் கணக்கிலும் அவள் கணக்கிலும் ஒரே மாதிரி சிவப்புப் பட்டை. ஒரு கணக்கை வேறு ஆள் பயன்படுத்தியதாகத் தெரிகிறது, இரண்டு கணக்குகளும் நிறுத்தி வைக்கப்படுகின்றன, ஏழு நாளைக்குள் விளக்கம் கொடுக்கலாம் என்றிருந்தது.

பயந்துபோனேன். எனக்காக இல்லை, சத்தியமாக. எனக்கு இடுப்பு நன்றாக இருக்கிறது. நாளைக்கே ஜீப்பில் ஏறுவேன். அவளுக்கு இதை விட்டால் சுவர்தான். அந்தச் சுவரிடம் அவளைத் திருப்பி அனுப்பியது நான். உதவி செய்யப் போய்.

கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஒண்ணுமில்லக்கா. பாஸ்வேர்டை யாரோ திருடிட்டாகன்னு எழுதிருவோம். ரெண்டு பேருமே எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாக."

"என் மூஞ்சியை வெயில்ல நின்னு காட்டியிருக்கேன் தம்பி. சிரிச்சு வேற காட்டியிருக்கேன். திருடி சிரிப்பாளா?"

 எனக்குப் பொய் எழுத மனசு வரவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. பொய் பிடிபட்டால் இரண்டு கணக்கும் போகும். அது ஒன்று. இன்னொன்று, நான் செய்ததை நான் செய்யவில்லை என்று யாரோ முகம் தெரியாதவனிடம் கெஞ்ச எனக்கு வாய் வராது. என் குணம் அப்படி.

வீட்டுக்கு வந்து வேலை விதிகளை எடுத்து முதலிலிருந்து படித்தேன். இருபத்திரண்டு பக்கம். சேர்ந்தபோது ஒன்பது பக்கம் படித்திருந்தேன். நோய்களும் கட்டம் போடுவதும் அதற்குள் முடிந்துவிடும். பதினாலாம் பக்கத்தில் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது: ஒருவர் கணக்கில் மற்றவர் வேலை செய்யக் கூடாது, குடும்பத்தாராக இருந்தாலும் கூடாது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பதினாலாம் பக்கத்தைத் தாண்டாதவள் நான்தான். அன்றைக்கு வந்த கோபம் முழுவதும் என் மேல்தான்.

விளக்கத்தை நானே எழுதினேன். என் ஆங்கிலத்தில் எழுதினேன், சென்டர்காரர் திருத்த வேண்டாம் என்றுவிட்டேன். அதன் சாரம் இதுதான்: அவள் வலியில் படுத்திருந்தாள். கணக்கைக் கேட்டது நான். அவள் தானாகத் தரவில்லை. நான் அவள் கணவரின் தங்கை, எங்கள் ஊரில் நான் கேட்டால் அவள் மறுக்க முடியாது. தோட்டத்தில் ஒருத்தி பின்தங்கினால் அவள் வரிசையை இன்னொருத்தி முடித்துக்கொடுப்போம். அதே பழக்கத்தில் செய்துவிட்டேன். உங்கள் விதியை நான் படிக்கவில்லை, தப்பு என்னுடையது. வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கும் முகம் என்னுடையது. அவள் போட்ட கட்டங்களையும் நான் போட்டவற்றையும் பிரித்துப் பாருங்கள். அவளுடையவை என்னுடையவற்றைவிட நன்றாக இருக்கும்.

கடைசி வரியை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

மதினியிடமிருந்து என் பெயரைச் சொல்லாத ஒரு விளக்கம் போய்விடும் என்று பயந்தேன். ஆகவே அவள் போனையும் நானே வாங்கி, என் நாத்தனார் எழுதியதுதான் உண்மை என்று ஒரு வரி அவளை எழுத வைத்தேன். எதற்கு என்று அவள் நூறு கேள்வி கேட்டாள். எழுது என்றேன். மறுபடியும் நாத்தனார் அதிகாரம்தான்.

ஆறாம் நாள் பதில் வந்தது. எச்சரிக்கையோடு அவள் கணக்கைத் திறந்துவிட்டார்கள். என்னுடையதை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அடுத்த வீட்டிலிருந்து மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"யாரு ஒன்னையத் தியாகம் பண்ணச் சொன்னது? நான் கேட்டேனா?"

"தியாகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. தப்பு பண்ணினது நான், அபராதம் கட்டினதும் நான். இங்கன நின்னு கத்தாத, இடுப்பு பிடிச்சுக்கும்."

"நீ திரும்ப அந்த ஜீப்புல ஏறுவியா?"

"ஏறுவேன். எனக்கு என்ன, குத்தகைக்கு விட்ட இடுப்பா?"

அவள் அழுதாள். நான் அழவில்லை. அவளை உட்கார வைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை ஹார்ன் அடித்தபோது தூக்குவாளியோடு போய் நின்றேன். ஜீப்பில் ஒரே கும்மாளம். "ஆபீசரம்மாவுக்கு எடம் விடுங்கடி" என்றாள் ஒருத்தி. முன் சீட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

ஆனால் விதிகளைப் பாதியில் விடும் பழக்கம் அதோடு போயிற்று. இருபத்திரண்டு பக்கத்தையும் மறுபடி படித்தேன். இருபத்தோராம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், இந்தப் படங்கள் வேறொரு ஆப் மூலமாக வயலில் இருப்பவர்களிடமிருந்து வாங்கப்படுகின்றன என்று போட்டு, அந்த ஆப்பின் பெயரும் இருந்தது. அது வேறு கம்பெனி. அங்கே என்னை யாரும் மூடவில்லை. ஏலத்தோட்டத்தில் நோய் பிடித்த செடியைப் படம் எடுத்து அனுப்ப ஆள் வேண்டும் என்றிருந்தது. தோட்டத்தில் நிற்பவளைத் தவிர வேறு யார் அனுப்புவார்கள்?

சேட்டனிடம் அனுமதி கேட்டேன். "எந்தா சேச்சி, சினிமா எடுக்கறதா?" என்றார். மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார். "இல்ல சேட்டா, ஒங்க செடிக்கு வைத்தியம் பாக்கறேன்" என்றேன். அழுகல் எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது என்று அவருக்கும் சொல்வதாகப் பேச்சு. அதில் அவருக்கு ஏக சந்தோஷம். சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு, மீதி நேரம் முழுக்கப் படம் எடுத்தேன். இந்தத் தடவை ஒரு படம் எடுப்பதற்கு முன்னால் விதி முழுவதையும் படித்தேன். ஏற்றுக்கொண்ட படத்துக்குத்தான் பணம். இப்போது எனக்குக் கூலியும் வருகிறது, படத்துக்குக் காசும் வருகிறது. வீட்டில் இருந்து சம்பாதித்ததைவிட இது அதிகம். என் வீட்டுக்காரர் பழைய "ஆபீசரம்மா"வுக்குப் பதிலாக "ஸ்டூடியோக்காரி" என்று ஆரம்பித்திருக்கிறார். இதை அனுமதித்திருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி வரும்போது மதினி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது ஒரு மணி நேரம் வரை உட்காருகிறாள். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

"ஏ பிள்ள, இன்னைக்கு ஒன் கை வந்துச்சு."

"என் கையா?"

"படத்துல. எலைக்கு அடியில ஒரு கை. கட்டைவிரல்ல அருவா வெட்டுன தழும்பு. பச்சை வளையல். ஒலகத்துல வேற யாரு கை அது?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் மலையில் எடுத்த படம் எந்த நாட்டுக்கோ போய், அங்கிருந்து திரும்பி, என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தலையணையில் சாய்ந்திருக்கும் என் மதினியின் விரலுக்குக் கீழே வந்திருக்கிறது. நான் ஒரு முனையில், அவள் மறு முனையில். தோட்டத்தில் எதிர்நிரை எடுத்து நடுவில் சந்திக்கும்போது நிமிர்ந்து பார்த்துச் சிரிப்போமே, அதே சிரிப்புதான் அவள் முகத்தில் இருந்தது.

"அது மழையில நின்னு எடுத்த படம் மதினி. காத்துல எலை ஆடிக்கிட்டே இருந்துச்சு, அதான் பிடிச்சுக்கிட்டேன். அழுகல் நல்லாத் தெரிஞ்சுச்சுல்ல? என்ன போட்ட?"

"தள்ளிட்டேன்."

"என்னது?"

"வேண்டாம்னு தள்ளிட்டேன். ஆள் கை, கால், மூஞ்சி எது வந்தாலும் தள்ளணும். பதினொண்ணாம் பக்கம்."

"ஏசுவே! என் கைன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதனாலதான் ரெண்டு தடவ பாத்துட்டுத் தள்ளுனேன்" என்றாள். "என் பேருக்கு நீ ஒருதடவ நின்னு நம்ம ரெண்டு பேரும் பட்டது போதாதா? ஒரு சின்னக் குச்சியால எலையப் பிடிச்சா என்ன? அதுவும் சொல்லியிருக்காக, படிச்சவதானே நீ, மறந்துட்டியா?"

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுக்குப் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தேன். அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் அச்செடுத்து, நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை மேலே தமிழில் பென்சிலால் பொருள் எழுதியிருந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும்.

அந்தப் படத்துக்கு எனக்குப் பணம் வராது. ஆனாலும் அன்றைக்குப் போல் நான் நிம்மதியாகத் தூங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் விடிகாலையில் ஹார்ன் அடித்தது. மதினி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையணைகளை அடுக்கிக்கொண்டு, தலை சீவிப் பொட்டு வைத்து, போனை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். நான் விளக்குமாற்றிலிருந்து நல்ல குச்சியாக இரண்டு உருவித் தூக்குவாளிப் பையில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.